ஏபி வகுப்பா, டூயல் என்ரோல்மென்ட்டா? பாடம் பாடமாக முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, குளிர்காலம் முடிவதற்குள் ஒரு தாளோடு வீட்டுக்கு வரும். அடுத்த ஆண்டு எடுக்கப்போகும் பாடங்களைக் குறித்து, பெற்றோர் கையெழுத்தோடு சில நாட்களில் திருப்பித் தர வேண்டும். அதில் ஒரே வரலாற்றுப் பாடம் மூன்று பெயர்களில் இருக்கும்: சாதாரண வகுப்பு, ஏபி (பள்ளியிலேயே நடக்கும் கல்லூரி நிலைப் பாடம்), டூயல் கிரெடிட் (பள்ளியில் இருக்கும்போதே எடுக்கும் கல்லூரிப் பாடம்). அந்த வாரம் தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "ஏபி எடுத்தாத்தான் நல்ல காலேஜ்" என்பது ஒரு கட்சி. "டூயல் எடுத்தா ரெண்டு வருஷ ஃபீஸ் மிச்சம்" என்பது மற்றது. இரண்டிலும் பாதிதான் உண்மை. ஒரே பிள்ளைக்குக் கணிதத்தில் ஏபியும், ஆங்கிலத்தில் டூயலும், வேதியியலில் பள்ளியின் ஆனர்ஸ் வகுப்பும் (சாதாரண வகுப்பைவிடச் சற்றுக் கடினமானது) சரியாக இருக்கலாம். கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) எந்தப் பல்கலைக்கழகத்தில் போய் இறங்கும் என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு பாடமாக முடிவெடுப்பதே வழி.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு

ஏபி என்பது காலேஜ் போர்டு வகுத்த பாடத்திட்டம். பள்ளி ஆசிரியர் ஓராண்டு நடத்துவார். மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் நாடு முழுக்க ஒரே தேர்வு; மதிப்பெண் 1 முதல் 5 வரை. வகுப்பு கிரேடும் தேர்வு மதிப்பெண்ணும் வேறு வேறு. வகுப்பில் ஏ வாங்கி, தேர்வில் 2 வாங்கினால் ஜிபிஏ-வுக்கு (கிரேடுகளின் சராசரி) நல்லது, கல்லூரிக் கிரெடிட் பூஜ்யம். மாறாக, வகுப்பில் சேராமலே தேர்வு மட்டும் எழுதி 5 வாங்கிக் கிரெடிட் பெறவும் முடியும்.

டூயல் என்ரோல்மென்ட் என்பது உண்மையான கல்லூரிப் பாடம். மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும்: டெக்சஸில் டூயல் கிரெடிட், வாஷிங்டனில் ரன்னிங் ஸ்டார்ட், ஒஹையோவில் காலேஜ் கிரெடிட் பிளஸ், மினசோட்டாவில் 1985 முதல் நடக்கும் பிஎஸ்ஈஓ. பெயரைவிட நடக்கும் இடம் முக்கியம். பிள்ளை கல்லூரி வளாகத்துக்கே போகலாம், ஆன்லைனில் படிக்கலாம், அல்லது பள்ளி ஆசிரியரே பள்ளி வகுப்பறையில் கல்லூரிப் பாடத்தை நடத்தலாம். மூன்றாவது வகையில் ஆசிரியருக்கு முதுகலைப் பட்டமும், அந்தப் பாடத்தில் 18 முதுகலைக் கிரெடிட்டும் இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கும். சில தனியார் பல்கலைக்கழகங்கள் இந்த வகைக் கிரெடிட்டை ஏற்பதில்லை என்பதால், பதிவு செய்யும் முன்பே இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர் தவறவிடுவது இதைத்தான்: ஏபி தேர்வில் சொதப்பினால் மதிப்பெண்ணை அனுப்பாமல் விடலாம், விண்ணப்பத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. டூயலில் வாங்கிய சி, அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் (கிரேடுப் பதிவேடு) நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். பத்தாண்டு கழித்து மருத்துவக் கல்லூரிக்கு ஏஎம்காஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்கும்போதும், பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் டிரான்ஸ்கிரிப்டைக் கேட்பார்கள், ஜிபிஏ கணக்கிலும் சேர்ப்பார்கள். பதினாறு வயதில் கோடை விடுமுறையில் அவசரமாக எடுத்த வேதியியல் அங்கே வந்து நிற்கும்.

இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. டெக்சஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டின் நடத்தும் ஆன்ராம்ப்ஸ் திட்டத்தில், கல்லூரி கிரேடைப் பார்த்த பிறகு கிரெடிட் வேண்டுமா வேண்டாமா என்று மாணவரே சொல்லலாம். உங்கள் பள்ளியில் அது இருந்தால், முதல் கல்லூரிப் பாடத்துக்கு அதுவே பாதுகாப்பான வாசல்.

படி 1: கிரெடிட் எங்கே இறங்கும் என்று முதலில் பாருங்கள்

ஒரு தாளில் ஆறு பல்கலைக்கழகங்களை எழுதுங்கள்: உங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் மூன்று, வெளி மாநிலத்தது ஒன்று, தனியார் இரண்டு. ஒவ்வொன்றின் ரெஜிஸ்ட்ரார் பக்கத்திலும் இரண்டு அட்டவணைகளைத் தேடுங்கள். ஒன்று ஏபி மதிப்பெண்ணுக்கு என்ன கிரெடிட் என்பது. இன்னொன்று உங்கள் கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) பாடம் அங்கே எந்தப் பாடத்துக்குச் சமம் என்பது. அட்டவணையில் மூன்று வகைப் பதில் வரும். "நேரடிச் சமம்" என்றால் அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டாம். "எலெக்டிவ் கிரெடிட்" என்றால் மொத்த எண்ணிக்கை கூடும், பட்டத்துக்கு வேண்டிய பாடம் எதுவும் குறையாமலே போகலாம். மூன்றாவது, கிரெடிட்டே இல்லை. "என் பையனுக்கு 45 கிரெடிட் டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு" என்று யாராவது சொன்னால், அதில் எத்தனை எலெக்டிவ் என்று கேளுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் வேலை எளிது. இலினாய், ஒஹையோ, புளோரிடா போன்ற மாநிலங்களில் ஏபியில் 3 வாங்கினாலே அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தர வேண்டும். கலிஃபோர்னியாவில் எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்த யூசி அல்லது சிஎஸ்யூ (மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலைக்கழகக் குழுமங்கள்) வளாகத்தில் எதற்குச் சமம் என்பதை அசிஸ்ட் தளம் காட்டிவிடும். டெக்சஸில் பாடங்களுக்குப் பொது எண் இருக்கிறது: "மேத் 2413" என்பதில் முதல் இலக்கமான 2 இரண்டாம் ஆண்டு நிலை, இரண்டாம் இலக்கமான 4 கிரெடிட் எண்ணிக்கை. அது கால்குலஸ் ஒன்று. மாநிலத்தின் எந்த அரசுக் கல்லூரியிலும் இந்த எண்ணை வைத்தே பேசலாம்.

தனியார் பக்கம் போனால் கதை வேறு. கால்டெக் ஏபிக்குக் கிரெடிட் தருவதே இல்லை. எம்ஐடி, ஏபியின் இரண்டு கால்குலஸ் தேர்வுகளில் பெரியதான கால்குலஸ் பிசி-யில் 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தரும். ஏபி உயிரியலுக்கும் வேதியியலுக்கும் தராது. பள்ளி டிப்ளமாவுக்குக் கணக்கில் வந்த பாடத்தைக் கல்லூரிக் கிரெடிட்டாக ஏற்க மாட்டோம் என்று சொல்லும் தனியார் பல்கலைக்கழகங்களும் பல. அதாவது பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்குப் பதிலாக எடுத்த டூயல் ஆங்கிலம் அங்கே செல்லாது. பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் ஏபி பக்கமே சாயுங்கள். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் நுழைவுத் தகுதியாகப் பார்ப்பது ஏபி மதிப்பெண்களைத்தான்.

படி 2: மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்

ஏபி கால்குலஸ் வகுப்பு ஏறக்குறைய 36 வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு 50 நிமிடம் என்றால் வகுப்பறையில் மட்டும் 150 மணி நேரம். கல்லூரியில் 3 கிரெடிட் பாடத்துக்கு வகுப்பு சுமார் 45 மணி நேரம்தான். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் வீட்டில் தானாகப் படிப்பது என்பது அங்கே எழுதாத சட்டம். ஆக மொத்தம் 135 மணி நேரம். 16 வார செமஸ்டரில் வாரத்துக்கு எட்டரை மணி நேரம், 8 வாரக் கோடையில் 17, ஐந்து வாரக் கோடையில் 27. ஐந்து வாரப் பாடத்தோடு டென்னிஸ் முகாமும் ஊருக்குப் போகும் பயணமும் சேர்ந்தால் எது உடையும் என்று சொல்லத் தேவையில்லை.

உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றே. ஆசிரியர் கையைப் பிடித்து நடத்தும் நேரம் மூன்றில் ஒரு பங்கு. தானாக அட்டவணை போட்டுப் படிக்கும் பிள்ளைக்குக் கல்லூரிப் பாடம் சுகம். தினம் வீட்டுப்பாடம் கேட்டால்தான் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு ஏபி. இது அறிவைப் பற்றிய கேள்வியே இல்லை. கணிதத்தில் புலியாக இருக்கும் பிள்ளைகளே இங்கே அதிகம் வழுக்குகிறார்கள்.

கிரேடு போடும் முறையும் வேறு. பள்ளியில் மறுதேர்வு, கூடுதல் மதிப்பெண், தாமதமாகத் தந்தாலும் பாதி மதிப்பெண் என்று தாங்கிப்பிடிக்க நிறைய உண்டு. கல்லூரியில் இரண்டு மிட்டெர்ம், ஒரு ஃபைனல் மட்டுமே மொத்த கிரேடில் எழுபது எண்பது சதவீதம் ஆகிவிடலாம். பதிவு செய்யும் முன் முந்தைய செமஸ்டர் சிலபஸைக் கேட்டு வாங்கி, எதற்கு எத்தனை சதவீதம் என்ற பெட்டியைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள்.

படி 3: பாடம் பாடமாக

கணிதம்: கால்குலஸ் வரை ஏபி. ஏபியில் கால்குலஸ் தேர்வு இரண்டு: சிறியது ஏ-பி, பெரியது பிசி; பிசி தேர்வுக்குள்ளேயே கால்குலஸ் ஏ-பி-க்கான துணை மதிப்பெண் ஒன்று உண்டு. முழுத் தேர்வில் 3 வாங்கினாலும் துணை மதிப்பெண் 4 என்றால், சில இடங்களில் முதல் கால்குலஸுக்குக் கிரெடிட் கிடைத்துவிடும். பதினொன்றிலேயே பிசி முடித்த பிள்ளைக்குப் பன்னிரண்டில் பள்ளியில் அடுத்த கால்குலஸ் வகுப்பு பெரும்பாலும் இருக்காது. அங்கேதான் டூயல் ஜொலிக்கும். மல்ட்டிவேரியபிள் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா இரண்டும் கம்யூனிட்டி காலேஜில் கிடைக்கும், ஏபியில் கிடையாது.

ஆங்கிலம்: உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகம் இலக்கு என்றால் கட்டுரை எழுதும் பாடமான டூயல் காம்போசிஷன் ஒன்று, இரண்டு. மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு நாள் தலைவலி வந்தால் எல்லாம் போகும் என்ற பயம் இல்லை. செமஸ்டர் முழுக்க எழுதும் கட்டுரைகளே கிரேடு.

அரசியலும் வரலாறும்: மாநில விதி எல்லாவற்றையும் தீர்மானிக்கும். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் பட்டம் பெற 6 கிரெடிட் அமெரிக்க வரலாறும் 6 கிரெடிட் அரசியலும் கட்டாயம். அரசியலில் டெக்சஸ் அரசியல் சாசனமும் அடக்கம். ஏபி அமெரிக்க அரசியலில் டெக்சஸ் பகுதி கிடையாது. டூயலில் "கவர்ன்மென்ட் 2306" எடுத்துவிட்டால் டெக்சஸ் பகுதிக் கணக்கு முடிந்தது.

அறிவியல்: மருத்துவம் போகும் எண்ணமுள்ள பிள்ளைக்கு ஏபியே மேல். உயிரியல், வேதியியல் கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் தந்தாலும், முன்தகுதிப் பாடங்களை ஆய்வகத்தோடு நான்காண்டுக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. எப்படியும் மறுபடி படிக்கப்போகும் பாடத்தில் நிரந்தர கிரேடை எதற்குப் பணயம் வைக்க வேண்டும்?

பொறியியல் பெற்றோருக்குத் தனியாக ஒரு சொல். கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, அதன்மேல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், பக்கவாட்டில் இயற்பியல், அதன்பின் துறைப் பாடங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். உளவியல், சமூகவியல், பேச்சுக்கலை என்று 40 கிரெடிட் சேர்த்துக்கொண்டு போனாலும் இந்தச் சங்கிலி ஒரு செமஸ்டர்கூடக் குறையாது. சங்கிலியின் தலைப்பகுதியைக் குறைக்கும் பாடம்தான் காலத்தைக் குறைக்கும். மற்றவை செமஸ்டர் சுமையை இலேசாக்கும், அவ்வளவே. கிரெடிட் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் பாடப் பதிவில் முன்வரிசை கிடைப்பது ஒரு கொசுறு நன்மை.

மொழி: ஏபியில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், சீனம், ஜப்பானியம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. பத்து வருடம் சனிக்கிழமை காலையைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொடுத்த பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. பல மாநிலங்கள் பள்ளி டிப்ளமாவில் இருமொழித் திறனுக்கான முத்திரை தருகின்றன. கலிஃபோர்னியா 2011-இல் தொடங்கி வைத்தது. உங்கள் மாவட்டம் தமிழுக்கு எந்தத் தேர்வை ஏற்கும், மொழிப் பாடக் கிரெடிட் தருமா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள். அந்தக் கிரெடிட் கிடைத்தால் அட்டவணையில் இரண்டு ஆண்டு காலி இடம் கிடைக்கும்.

படி 4: ஜிபிஏ, ரேங்க், அட்மிஷன்

பள்ளி மாவட்டத்தின் கையேட்டில் கிரேடு பாயின்ட் அட்டவணை இருக்கும். சில மாவட்டங்களில் ஏபிக்கு முழு வெயிட் (கடினமான பாடத்துக்கான கூடுதல் புள்ளி), டூயலுக்குப் பாதி வெயிட். சிலவற்றில் இரண்டும் சமம். ரேங்க் வைத்துச் சேர்க்கும் இடத்தில் இது விளையாட்டல்ல. டெக்சஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டினின் தானியங்கிச் சேர்க்கை 2026 இலையுதிர் பருவம் முதல் டாப் 5 சதவீதம். அந்த எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு பாடத்தின் அரைப் புள்ளி வெயிட் ரேங்கை மாற்றிவிடும். கலிஃபோர்னியா யூசி கணக்கில் ஏபிக்கும் டிரான்ஸ்ஃபர் ஆகும் கல்லூரிப் பாடத்துக்கும் ஒரே கூடுதல் புள்ளிதான், அதுவும் மொத்தம் 8 செமஸ்டர் வரை. பதினான்கு ஏபி எடுத்தாலும் அந்தக் கணக்கில் கூடுதலாக ஒன்றும் ஏறாது.

பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பள்ளி கவுன்சிலர் அனுப்பும் அறிக்கையில், இந்த மாணவரின் பாடத் தேர்வு எவ்வளவு கடினமானது என்று குறிக்க ஒரு வரி இருக்கிறது. அது உங்கள் பள்ளியில் கிடைப்பதோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. பள்ளியில் ஏபி இயற்பியல் இருக்கும்போது கம்யூனிட்டி காலேஜின் அறிமுக இயற்பியலை எடுத்தால், அதை எளிய பாதையாகக் கவுன்சிலர் பார்க்கக்கூடும். நேரில் கேட்டுவிடுங்கள்: "நான் இதை எடுத்தால் அந்த வரியில் என்ன குறிப்பீர்கள்?" இன்னொன்று: எத்தனை டூயல் கிரெடிட் சேர்ந்திருந்தாலும், பள்ளி முடிக்கும் முன் எடுத்தவை என்பதால் பெரும்பாலும் புதுமுக மாணவராகவே விண்ணப்பிக்க வேண்டும்.

படி 5: பணமும் விசாவும்

ஏபி தேர்வுக் கட்டணம் 2025-இல் அமெரிக்காவில் 99 டாலர். தாமதப் பதிவுக்கும், பதிவு செய்துவிட்டு எழுதாமல் விட்டாலும் தலா 40 டாலர். டூயலில் மாநிலம்தான் விலை. புளோரிடாவில் அரசுப் பள்ளி மாணவருக்குக் கல்விக் கட்டணமும் புத்தகமும் இலவசம். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் ஒரு பருவத்தில் 11 யூனிட் வரை எடுக்கும் பள்ளி மாணவருக்குப் பாடக் கட்டணம் இல்லை, புத்தகம் உங்கள் செலவு. வாஷிங்டனிலும் அப்படியே: பாடக் கட்டணம் இல்லை, புத்தகமும் சில கட்டணங்களும் உண்டு. ஜார்ஜியா தான் பணம் கட்டுவதற்கு 30 கிரெடிட்டை உச்சவரம்பாக வைத்திருக்கிறது. ஒஹையோவில் பாடத்தில் தோற்றால் செலவான பணத்தை மாவட்டம் பெற்றோரிடம் கேட்கலாம்.

எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளை கல்லூரிப் பாடம் எடுக்க மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறத் தேவையில்லை. விண்ணப்பத்தில் விசா வகையைக் குறித்ததும் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் போட்டுவிட்டால், பள்ளிச் சான்றும் பெற்றோரின் வசிப்பிடச் சான்றும் எடுத்துக்கொண்டு அட்மிஷன் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். இது எழுத்தர் அளவிலேயே தீரக்கூடியது. எச்-4 பிள்ளைக்குக் கூட்டாட்சி நிதியுதவி கிடையாது, 21 வயதில் அந்த விசாவும் முடிகிறது. ஒரு செமஸ்டர் உண்மையிலேயே குறைவதற்கு அந்தக் குடும்பங்களில் மதிப்பு அதிகம்.

படி 6: பதிவும் தேதிகளும்

ஏபியில் வகுப்பில் சேர்ந்தால் மட்டும் தேர்வுக்குப் பதிவானதாக ஆகாது. காலேஜ் போர்டின் ஏபி தளத்தில் ஆசிரியர் தரும் ஜாயின் கோடு போட்டு, தேர்வுக்கும் தனியே ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிகள் ஆர்டர் கொடுக்கும் கடைசி நாள் நவம்பர் நடுவில். உங்கள் பள்ளி அதற்கும் முன்பே பணம் கேட்கும்.

டூயலுக்குக் கல்லூரியில் தனி விண்ணப்பம், பள்ளியின் ஒப்புதல் படிவம், பெற்றோர் கையெழுத்து, பல இடங்களில் தகுதித் தேர்வு. டெக்சஸில் அது டிஎஸ்ஐஏ; எஸ்ஏடி மதிப்பெண் போதுமானதாக இருந்தால் விலக்கு. சேர்ந்ததும் இரண்டு தேதிகளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். முதல் தேதிக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. டெக்சஸில் முழு செமஸ்டருக்கு அது பெரும்பாலும் வகுப்புகள் தொடங்கியதிலிருந்து 12-ஆவது வேலைநாள். இரண்டாம் தேதிக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ (விலகினார் என்ற குறி) விழும். அதையும் தாண்டினால் வாங்கியதே கிரேடு. முதல் தேர்வுத் தாள் பெரும்பாலும் முதல் தேதி கடந்த பிறகே திரும்பி வரும் என்பதுதான் இதில் உள்ள பொறி. அதனால் முதல் இரண்டு வார வீட்டுப்பாடத்தை வைத்தே முடிவெடுக்கப் பழகுங்கள்.

பள்ளியின் கிரேடு செயலியைத் திறந்து பார்க்கும் வழக்கம் இங்கே செல்லாது. கல்லூரிப் பாடத்தைப் பொறுத்தவரை, ஃபெர்பா என்ற கல்விப் பதிவுத் தனியுரிமைச் சட்டப்படி உரிமை மாணவருடையது, வயது பதினைந்தே ஆனாலும். பேராசிரியருக்கு அப்பா மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. வாரம் ஒருநாள் பிள்ளையே கிரேடு பக்கத்தைத் திறந்து காட்டுவது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஐஈபி (பள்ளி வகுக்கும் தனிநபர் சிறப்புக் கல்வித் திட்டம்) உள்ள பிள்ளைக்கு அது கல்லூரி வளாகத்தில் தானாகத் தொடராது. கல்லூரியின் மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்தில் புதிதாகப் பதிய வேண்டும்.

மே மாதம் இரண்டையும் கலந்து எடுத்தவர்களுக்கு நெருக்கடி: கல்லூரி ஃபைனலும் ஏபி தேர்வும் ஒரே வாரத்தில் வரக்கூடும். ஜனவரியில் இரண்டு கால அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 7: சேர்ந்த பிறகு

ஏபி மதிப்பெண் ஜூலையில் வரும். ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம். அதற்கான கடைசி நாள் ஜூன் 20, அதாவது மதிப்பெண் தெரிவதற்கு முன்பே. டூயல் கிரேடு பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். கல்லூரியிலிருந்து தனியாக அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும், அதுவும் கடைசி செமஸ்டர் கிரேடு ஏறிய பிறகு. நூலகத்துக்கோ பார்க்கிங்குக்கோ சில்லறைப் பாக்கி இருந்தால் சில கல்லூரிகள் நிறுத்தி வைத்துவிடும். டூயல் பாடம் எலெக்டிவ் என்று வந்திருந்தால் சிலபஸோடு அந்தத் துறைக்கு எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். பழைய சிலபஸ் பிடிஎஃப்களைப் பத்திரமாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஓரியன்டேஷனில் ஆலோசகர் முன்னால் உட்காரும்போது கடைசி முடிவு ஒன்று இருக்கும்: கிடைத்த கிரெடிட்டை எடுத்துக்கொண்டு மேலே போவதா, அதே பாடத்தை மறுபடி எடுப்பதா? உதாரணமாக, கால்குலஸ் இரண்டு வரை கிரெடிட் கிடைத்திருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் கால்குலஸ் இரண்டு ஃபைனல் தாள் ஒன்றைத் தேடி எடுத்து, கடிகாரம் வைத்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் வந்தால் நேராகக் கால்குலஸ் மூன்று. சீரீஸ் கணக்குகளில் மட்டும் தடுமாறினால் கோடையில் மூன்று வாரம் அதைப் பார்த்துவிட்டுப் போகலாம். இன்டெக்ரேஷனிலேயே திணறினால் கால்குலஸ் இரண்டில் சேருங்கள். ஆனால் ஒரே பாடத்தை மறுபடி எடுத்தால் ஏபி கிரெடிட் போய்விடும் என்று பல இடங்களில் விதி இருப்பதால், பதிவு செய்யும் முன் ஆலோசகரிடம் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.